அணைய மறுத்த எஞ்சின்

வேலையிடத்தில் அண்ணன் அவளை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் "குள்ளச்சி". இரண்டிலும் இருக்கும் மரியாதை ஒரே அளவுதான் என்று அவள் கணவர் சிரிப்பார்.

அவள் சுரங்கக் கம்பெனியில் புவியியலாளர். அண்ணன் அதே கம்பெனிக்காகப் பாறையில் துளை போடும் ரிக்கின் சொந்தக்காரர். அதை ஓட்டுகிறவரும் அவரே. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சொந்த அண்ணனுக்கு வேலை பிடித்துக் கொடுத்துவிட்டாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அவள் அங்கே சேருவதற்கு முன்பே ரிக் வந்துவிட்டது. அதை எத்தனை பேரிடம் போய் விளக்குவது? அதனால் மற்ற மாஸ்டர்களிடம் காட்டாத கறாரை அண்ணனிடம் காட்டினாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "மேடம் சொன்னா சரி" என்பார்.

அவர்கள் தேடியது நிக்கல். அந்தக் குன்றின் அடியில் இருந்தது கரும்பச்சைப் பாறை. பூமியின் அடியாழத்திலிருந்து குழம்பாக ஏறி வந்து உறைந்தது. தொட்டால் சோப்புக்கட்டிபோல வழுக்கும். அல்ட்ராமாஃபிக் என்பார்கள். குழம்பு ஆறும்போது, அதிலிருந்த நிக்கல் கந்தகத்தோடு சேர்ந்து கனத்துப்போய்க் கீழே இறங்கித் தங்கியிருக்கும். ஆகவே அந்தப் பாறையின் அடித்தரையைத் தொட வேண்டும். மேலிருந்து எடுத்த மின் அளவைகள் அங்கே ஏதோ இருப்பதாகச் சொல்லியிருந்தன. ஏற்கெனவே போட்ட துளைகளில் ஒன்றும் சிக்கவில்லை. இதிலும் இல்லையென்றால் குன்றையே மறந்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

அன்று பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. துளை இறங்க இறங்க ரிக்கின் உள்குழாய்க்குள் உருளையாக வெட்டுப்பட்டு வந்த கல்தண்டைத் தகரப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். கரும்பச்சைக்குள் வெண்கல நிறப் பொட்டுகள். முந்தைய குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை இப்போது கைகோத்துக்கொண்டிருந்தன.

"அண்ணா, இங்க வா!" என்றாள், மாஸ்டரை மறந்து.

அவர் எட்டிப் பார்த்தார். "தரை வந்துருச்சா?"

"பக்கத்துல வந்துட்டோம். இன்னும் ஒரு குழாய். மிஞ்சிப்போனா ரெண்டு."

அவர் மறுபடியும் குழாயை இறக்கினார். அவள் பெட்டியருகே நிற்க முடியாமல் சேற்றுக்குழிப் பக்கம் நடந்தாள். துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் விழும் குழி அது. வழக்கமாகச் சாம்பல் குழம்பாகக் கிடக்கும். இப்போது உலை கொதிப்பதுபோல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் வாயு மீட்டர் கத்தத் தொடங்கியது.

இந்தப் பாறையில் தண்ணீர் ஊறும்போது ஹைட்ரஜன் உண்டாகும். சில இடங்களில் அது வெடிப்புகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஒரு பொறி போதும்.

"மாஸ்டர்! வாயு வருது. நிறுத்துங்க!"

"அந்த மீட்டரா? அது காலையில பெயிண்ட் டப்பாவைப் பார்த்தே கத்துச்சு."

"குழியைப் பாருங்க. பச்சைத் தண்ணி கொதிக்குது."

அவர் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் கை நெம்புகோலை விடவில்லை. "நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். இந்தக் கல்லு ஊறி குழாயைக் கவ்விக்கும். அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது. ஒரு வாய்க் கல்லு பாக்கி, குள்ளச்சி. எடுத்துட்டு நிறுத்திடறேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதைவிட மோசம், அவளுக்கும் அந்த ஒரு வாய்க் கல் வேண்டியிருந்தது. பெட்டியில் மின்னும் பொட்டுகள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"சீக்கிரம்" என்றாள்.

ரிக்கில் உதவிக்கு நின்ற நெட்டையான ஆள், அண்ணனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் உயர்ந்தது. அண்ணன் வேகத்தைக் கூட்டியிருக்கிறார் என்று நினைத்து அவள் திரும்பினாள். அவர் கையை எடுத்துவிட்டு எஞ்சினையே வெறித்துக்கொண்டிருந்தார். அது தானாக ஏறிக்கொண்டிருந்தது. காற்றோடு வாயுவையும் உறிஞ்சி அதையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. டீசல் குழாயை மூடினார், அப்போதும் நிற்கவில்லை. அலறல் காதைக் கிழித்தது. ரிக் முழுக்க உதறியது.

"காத்து மூடி!" என்று கத்தினார். எஞ்சினுக்குக் காற்றை அடைக்கும் மூடியின் கைப்பிடியை இழுத்தார். துருவேறிப்போயிருந்தது. அசையவில்லை.

"நீங்க தண்ணி பம்ப்பை அணைங்க! வண்டிச் சாவியைத் தொட்டுடாதீங்க!" என்று அவள் நெட்டையரை விரட்டினாள். அவர் பம்ப்பை அணைத்துவிட்டுக் குன்றுப் பக்கம் ஓடினார். அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. கால்கள் பாதி திரும்பியும் விட்டன.

அண்ணன் பலகை ஒன்றை எடுத்துக் காற்று உறிஞ்சும் வாயில் வைத்து நெஞ்சால் அழுத்தினார். ஓரங்களில் காற்று விசிலடித்து உள்ளே போனது. எஞ்சின் விக்கியது, பிறகு மீண்டும் ஏறியது. அவள் கல்தண்டுகள்மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்குகளை அள்ளிக்கொண்டு ஓடி, பலகையின் ஓரங்களில் திணித்தாள். அண்ணனின் வலது முன்கை புகைக்குழாயின்மேல் கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள். சட்டை கருகிக்கொண்டிருந்தது.

"கையை எடு! எடுடா!"

"எடுத்தா பலகை நழுவும். நீ அடை!"

அவள் அடைத்தாள். எஞ்சின் இருமியது, தடுமாறியது, மூச்சுத் திணறி நின்றது.

அப்புறம் துளையின் சீற்றம் மட்டும் கேட்டது. பெரிய பாம்பு ஒன்று மூச்சு விடுவதுபோல. இருவரும் காற்று வரும் திசையைப் பார்த்து நடந்தார்கள். ஓட உடம்பில் தெம்பில்லை. பொறி பறக்கும் என்பதால் வண்டியைக் கிளப்ப முடியாது. சாலை வரைக்கும் நடைதான். அவர் கையை மார்போடு தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வெடிக்கப்போகிறது என்று அவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். வெடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி அவளைப் பார்த்ததும், "உன் கல்லுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?" என்றாள். ஆனால் சாயங்காலம் டீ வாங்கி வந்து இவள் கையில் ஒன்றைத் திணித்தாள்.

வாயு தணிந்ததும் துளையை சிமெண்டு ஊற்றி மூடினார்கள். குழாய்கள் அத்தனையும் உள்ளேயே சிக்கிக்கொண்டன. கடைசி உள்குழாயும் அதிலிருந்த கல்லும் கூடத்தான். விசாரணையில் அவள், "நிறுத்தற அதிகாரம் எனக்குத்தான். போகச் சொன்னது நான்" என்றாள். கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த அண்ணன், "அவங்க நிறுத்தச் சொன்னாங்க, நான்தான் கேக்கல. மூடியைப் பழுது பார்க்காததும் நான்" என்றார். விசாரித்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்கம்மா" என்றார். கடைசியில் இருவருக்கும் எச்சரிக்கை கிடைத்தது.

மறுபக்கமிருந்து வேறொரு ரிக், வாயு கசிகிறதா என்று பார்க்கும் காவலோடு புதிய துளை போட்டது. அவள்தான் கூட நின்றாள். அடித்தரை வந்தது. அதன்மேல் நிக்கல் தாது ஒரு விரல் கனத்துக்குப் பளபளத்தது; அவ்வளவுதான். கம்பெனி குன்றைக் கைவிட்டது.

சேதி சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் பந்து ஒன்றை வலது கையில் பிசைந்துகொண்டிருந்தார். டாக்டர் சொன்ன பயிற்சி. விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

"அப்போ நம்ம துளையில?" என்றார்.

"தெரியாதுண்ணா. கனமா இருந்திருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"கனமாத்தான் இருந்திருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன குழாய்க்காக அழுறவன் அதுல நல்ல சரக்கு இருந்துச்சுன்னுதானே சொல்லுவான்" என்று சிரித்தார். உள்ளிருந்து அண்ணி, "ரெண்டு பேரும் மறுபடி கல்லை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று அதட்டினாள்.

இப்போது அவர் அந்த ரிக்கைக் கிணறு போடுவதற்கு ஓட்டுகிறார். காற்று மூடியைப் புதிதாக மாற்றி, தினமும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாராம். அவள் வேறொரு குன்றில் நிக்கல் தேடிக்கொண்டிருக்கிறாள்.