அண்டாவில் காயாத தண்ணீர்

சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சிக்கோ சுமதி, நடுவுல சிரிச்சா எனக்கு கோவம் வரும். நீ மாடிக்கு குடி வந்ததுலேருந்து கேட்டுகினேதான் கீற, ஊட்ல கேஸ் கீது, உங்க புள்ள பாத்ரூம்ல ஹீட்டர் கூட மாட்டி குடுத்துகீறாரு, அப்பால ஏன் வாடைக்காத்து அடிக்க ஆரம்பிச்சா மட்டும் சாயங்காலமே பின்கட்டுல வெறகு அடுப்ப மூட்டிகினு குந்திகீறீங்கன்னு. மூட்டறது கூட பரவால்ல, அது தானா அணையற வரைக்கும் யாரையும் கை வைக்க உட மாட்டறேன்னு என் புள்ளையே என்னைய பைத்தியம்ன்றான். அவனுக்கு நான் சொன்னதில்ல. உனக்கு சொல்றேன்.

பேயி பிசாசு முனி கினின்னு நம்பற ஆளு நான் கெடையாது. நம்ம தெருவுல ஒருத்தன் புளியமரத்தாண்ட முனி அடிச்சிடுச்சின்னு வாயில நொரை தள்ளிகினு படுத்துகினான், ஊரே வேப்பிலைய தூக்கிகினு ஓடிச்சி, நான்தான் அவன் பொண்டாட்டி எதிர்ல நின்னு, வயிறு முட்ட சாராயத்த ஊத்திகினா முனி அடிக்காம கொஞ்சவா செய்யும்னு கேட்டேன். எனக்கு வாயி ஜாஸ்தி, அப்பவும் இப்பவும். அப்பிடிப்பட்டவ சொல்றேன்னு மனசுல வச்சிகினு கேளு.

எமர்ஜென்சி எல்லாம் முடிஞ்ச பிறவு. என் புள்ள அப்போ நடக்கக்கூட ஆரம்பிக்கல. ஊட்ல நான், எங்க ஊட்டுக்காரரு ஏகாம்பரம், அவரோட அம்மா, அதான் எங்க மாமியா. அவ்ளோதான் குடும்பம். அவரு தறியில குந்துவாரு, நானும் மாமியாவும் குச்சியில பட்டு நூலு சுத்துவோம், தார்னு பேரு. பட்டுத் தறி வச்சிருக்கற ஊட்ல மழைக்காலம் வந்தா பெரிய பேஜாரு சுமதி, குழித்தறி பாரு, குழியில ஈரம் ஏறிக்கும், தறியில நீட்டு வாக்குல கட்டின பாவு நூலு நமுத்துப்போவும், ஒரு எழை சரி பண்ணா நாலு எழை அறுந்துபோவும். அதுக்காவ சட்டியில நெருப்பு அள்ளி பாவுக்கு அடியில வைப்போம். அந்த வருஷம் ஐப்பசியிலயே குளுரு வந்துடுச்சி, எப்பவும் கார்த்திகைக்கு அப்பாலதான் அப்பிடி அடிக்கும். வெறகு முச்சூடும் மழையில நனைஞ்சி கெடந்திச்சி. மூட்டினா புகைதான் வருது, கங்கு வரல.

"ஆத்துக்கு அந்தாண்ட தோப்புல கொட்டாயில காஞ்ச வெறகு கீதாம், போயி ஒரு கட்டு எடுத்தாறேன்"னு கெளம்பினாரு. மத்தியானம் சாப்ட்டுட்டுதான் போனாரு. நம்ம ஆறு உனக்கு தெரியும், முக்காவாசி நாளு மணலுதான், புள்ளைங்க பந்து ஆடும். வாசப்படி தாண்டினவரு திரும்பி, "குப்பு, பொழுதோட அடுப்ப மூட்டி வையி, வந்ததும் வெந்நி ஊத்திக்கணும், இப்பவே வெரைக்குது"ன்னாரு. சரின்னேன். அதான் கடைசியா அவருகிட்ட நான் பேசினது.

ஜவ்வாது மலையில எங்க பேஞ்சிதோ எப்ப பேஞ்சிதோ, நான் அடுப்ப மூட்டிகினு இருக்கறப்ப தெருவே கத்திகினு ஓடுது, ஆத்துல தண்ணி வந்துடுச்சின்னு. அவரு கட்டின வெறகு கட்டு மட்டும் கீழ, இந்தக் கரையோரம் முள்ளுல மாட்டிகினு கெடைச்சிது. என் பொடவைய கிழிச்சி குடுத்த துணியிலதான் கட்டியிருந்தாரு, அதனால தெரிஞ்சிது.

அஞ்சாறு நாளு தேடினாங்க. இந்தப் பக்கம் கரையோரமா எவ்ளோ தூரம் போவ முடியுமோ போயி பாத்தாங்க. அந்தக் கரைக்கு போவ முடியல, தண்ணி வடியவே இல்ல. ரெண்டாம் நாளே சொந்தக்காரங்க வந்து குந்திகினு காரியத்துக்கு நாளு பாக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு எங்கேருந்து அவ்ளோ வெறி வந்திச்சின்னு தெரியல. உடம்ப கண்ணுல காட்டிட்டு காரியத்த பேசுங்கடான்னு கத்தினேன். சாவு ஊட்ல அடுப்பு மூட்ட மாட்டாங்க இல்ல? அதனாலயே நான் மூட்டினேன். தெனமும் சாயங்காலம், வெளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே, பின்கட்டுல அடுப்ப மூட்டி அண்டா நெறைய தண்ணி வச்சேன். இது சாவு ஊடு இல்லன்னு எல்லாருக்கும் காட்டணும். அவரு வந்தா வெந்நி கேப்பாரு. அந்த நம்பிக்கைய தவிர என்கிட்ட ஒண்ணுமே இல்ல சுமதி.

இப்போதான் நீ நம்பினா நம்பு, நம்பலன்னா போ. அந்த தண்ணி காயவே இல்ல.

மொதல் நாளு, ரெண்டாம் நாளு நான் கண்டுக்கல. ஈரவெறகு, சூடு ஏறலன்னு நெனைச்சிகினேன். பக்கத்தூட்ல கேட்டு தேங்கா மட்டை போட்டு எரிச்சேன். மட்டை திகுதிகுன்னு எரியுது, கைய உட்டா தண்ணி ஜில்லுனு கீது. அதுக்கும் அழுவையோட அழுவையா ஏதோ ஒரு சமாதானம் சொல்லிகினேன். ஊட்ல எங்க மாமனார் காலத்து தறி ஒண்ணு உடைஞ்சி பரண்ல கெடந்திச்சி. அதோட பெரிய மரத்த ஒருநாளு நானே இஸ்துகினு வந்து அடுப்புல வச்சிட்டேன். வைரம் பாஞ்ச கட்டை. ஒரு பொட்டு ஈரம் கெடையாது. புடிக்கத்தான் நேரம் ஆச்சி, புடிச்சதுக்கு அப்பால அதாண்ட நிக்க முடியல, மொகம் பொசுங்குது. அண்டா அடியில கரி எல்லாம் செவப்பா கனியுது.

தண்ணிக்குள்ள கைய உட்டேன். சொம்மா பச்சத்தண்ணி இல்ல சுமதி, ஆத்து தண்ணி. மழைக்காலத்துல ஆத்துல எறங்கினா கணுக்கால் வலிக்கும் பாரு, அந்த குளுரு. "அத்தே"ன்னு கத்தினேன்.

மாமியா இடுப்புல புள்ளையோட ஓடியாந்தாங்க. கட்டையைப் பாத்து திட்டுவாங்கன்னு நெனைச்சேன், திட்டல. எரியற அடுப்ப பாத்தாங்க, அப்பறம் தண்ணியில கைய உட்டாங்க. எடுக்கவே இல்ல, அப்பிடியே வச்சிகினு நிக்கறாங்க. கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது. நான் பெத்த புள்ளைய தொடற மாதிரி கீதுடின்னாங்க. எனக்கு கேக்கவே புடிக்கல, காத பொத்திகினேன்.

"போதும் குப்பு. உட்ரு. இனிமே உன்னைய நான் இப்பிடி பாக்க முடியாது. அவன் வர மாட்டான்டி."

புள்ளைய என் கையில குடுத்துட்டு, கட்டைய வெளிய இஸ்து போட்டாங்க. வாணாம் அத்தே வாணாம் அத்தேன்னு நான் அவங்க கைய புடிச்சி தொங்கறேன். அண்டாவுலேருந்தே சொம்பு சொம்பா மொண்டு ஊத்தி அணைச்சாங்க. கட்டை சொய்யுனு கத்திச்சி, பின்கட்டு முச்சூடும் சாம்பலும் ஆவியும். பொழுது எறங்கற நேரம், தெருவுல அப்பதான் வெளக்கு ஏத்தறாங்க. ரெண்டு பேரும் தரையில குந்திகினு தலையில தலையில அடிச்சிகினு அழுதோம், புள்ளையும் எங்கள பாத்து கத்துது.

கொஞ்ச நேரம் பொறுத்து மாமியா என் தோள தொட்டாங்க. அண்டாவ காட்டினாங்க. அண்டாவுலேருந்து ஆவி பறக்குது. அடியில நெருப்பு இல்ல, கங்கு இல்ல, கரியெல்லாம் சேறா கெடக்குது. தொட்டா வெந்நி. அவருக்கு எந்த பதத்துல வேணுமோ, ஒரு சொம்பு பச்சத்தண்ணி கூட வெளாவ வாணாம், அந்த பதம். மாமியா அந்த தண்ணிய எடுத்து என் தலையில ஊத்தினாங்க, அப்பறம் அவங்க தலையில ஊத்திகினாங்க. சாவுக்கு தலை முழுவறது அதான். அவருக்குன்னு வச்ச வெந்நியில நான் தாலி அறுத்தவ ஆனேன்.

மறுநாளு ஆத்துல தண்ணி கொறைஞ்சிது. மத்தியானம் வாக்குல அந்தக் கரையிலேருந்து ஒரு ஆட்டுக்காரரு வந்தாரு, சின்னப்பையன்னு பேரு, எங்க ஊரு எல்லையில எல்லாருக்கும் தெரிஞ்ச மனுஷன்தான். கீழ ரொம்ப தூரத்துல, ஆத்து நடுவுல நாணல் திட்டு ஒண்ணு கீது, அதுல ஒரு உடம்பு கெடைச்சிருக்குன்னாரு. ஆளுங்க போயி கட்டில்ல தூக்கிகினு வந்தாங்க. அவருதான்.

அழுது ஓய்ஞ்சி நான் மூலையில கெடக்கறப்போ சின்னப்பையன் என்னண்ட வந்து குந்தினாரு. தலைய குனிஞ்சிகினே சொன்னாரு.

"எம்மா, நான் பாவி. அஞ்சாறு நாளாவே அந்த திட்டுல சாயங்காலம் ஆனா புகை வந்துகினு இருந்திச்சி. எவனோ மாட்டிகினு கீறான், ஆனா அடுப்பு மூட்டி சமைக்கறான், நல்லாத்தான் கீறான்னு நெனைச்சிட்டேன். தண்ணி அந்த போக்கு போவுது, என்னால எறங்கவும் முடியல. நேத்து வெளக்கு வைக்கற நேரத்துல நல்லா எரிஞ்சிகினு இருந்த புகை சட்டுனு நின்னுப்போச்சி. மனசு கேக்கல. விடிஞ்சதும் கழுத்து தண்ணியில எறங்கி போயி பாத்தேன். அங்க ஒரு சுள்ளி எரிஞ்ச அடையாளம் கூட இல்லம்மா. கரி இல்ல, சாம்பல் இல்ல. இவரு மட்டும் குந்திகினு இருந்தாரு."

குந்திகினுதான் இருந்தாராம். ரெண்டு கையையும் முன்னால நீட்டிகினு, குளுருக்கு நெருப்பாண்ட காட்டுவோம் பாரு, அப்பிடி. வேட்டி காஞ்சி மொடமொடன்னு இருந்திச்சி, மோந்து பாத்தேன், புகை நாத்தம்.

ஆஸ்பத்திரி டாக்டரு, அவரு மொதல் நாளே தண்ணி குடிச்சி செத்துட்டாரு, வெள்ளம் கொண்டாந்து அப்பிடி ஒதுக்கி வச்சிடுச்சின்னாரு. படிச்சவரு, சரியாதான் சொல்லுவாரு. மொதல் நாளே போயிட்டாருன்னா அந்த புகை யாரோடது? போவலன்னா? அதுக்கு மேல யோசிக்க எனக்கு தைரியம் இல்ல சுமதி. பாடையில படுக்க வைக்கறப்போ அந்த கைய மடக்க நாலு ஆம்பளைங்க பாத்தாங்க, மடங்கல. அப்பிடியே நீட்டின கையோடதான் கொண்டு போனாங்க.

சின்னப்பையன் சொன்னத அவரு வாயால இன்னொருத்தருகிட்ட சொல்லக்கூடாதுன்னு காலுல விழுந்து கேட்டுகினேன். அடுப்ப அணைச்சது எங்க மாமியா கை. என் மேல இருந்த பாசத்துல அணைச்சாங்க. அவங்க காதுல இது விழுந்தா அன்னிக்கே நாண்டுகினு செத்துடுவாங்க. சின்னப்பையன் கடைசி வரைக்கும் வாய தொறக்கல, கொஞ்ச வருஷத்துல அவரும் போயிட்டாரு. நானும் சொல்லல. ஆனா அதுக்கப்பறம் மாமியா ஒரு குளுருலயும் அடுப்பாண்ட வந்து கை காட்டல. வெரலு நீலம் பாரிச்சி போவும், வாங்க அத்தேன்னு கூப்டா, எனக்கு வாணாம்டின்னு கைய முந்தானைக்குள்ள சுருட்டிக்குவாங்க. புள்ளைய நெனைச்சிகினு அப்பிடி பண்றாங்கன்னு நானும் உட்டுட்டேன்.

எம்பத்தஞ்சோ எம்பத்தாறோ, அவங்க படுக்கையில கெடந்தாங்க. பேச்சு கொறைஞ்சிபோச்சி. ஒரு சாயங்காலம் அவங்களுக்கு ஒத்தடம் குடுக்க அடுப்ப மூட்டிகினு இருந்தேன். "குப்பு"ன்னாங்க. போயி குனிஞ்சேன்.

"அன்னிக்கு நான் அணைச்சேனே, அந்த தறிக்கட்டை. உட்டிருந்தா எவ்ளோ நேரம் எரிஞ்சிருக்கும்?"

நான் சொல்லல. சின்னப்பையன் சொல்லல. புகைய பத்தி அவங்களுக்கு எப்பிடி தெரியும்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு தெரியாது. அவங்க என் மொகத்தையே பாத்துகினு கீறாங்க, கண்ணு கெஞ்சுது.

"கொஞ்ச நேரம்தான் அத்தே. அது பழைய கட்டை, நீங்க அணைக்கலன்னாலும் தானா அணைஞ்சிருக்கும்"னேன். அப்பிடியான்னாங்க. கண்ண மூடிகினாங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள போயிட்டாங்க.

வைரம் பாஞ்ச கட்டை சுமதி அது. விடியவிடிய எரிஞ்சிருக்கும்.