ரெண்டு போலீஸ்ல ஒரு போலீஸ்

பக்தவச்சலத்துக்கு பேத்தி பொறந்து இருவத்தாறு நாளு ஆவுது. சம்சாரம் கெங்கம்மா போய்ச் சேந்து ஆறு வருசம். தாய் வூடுன்னு கூட்டியாந்து பாத்துக்க ஆளு இல்ல, அத்தொட்டு மவ மோகனப்ரியா திருவொத்தியூர்ல மாமியார் வூட்லயே கீறா. இவரு ராயபுரத்துல ஒத்த ரூம்புல கீறாரு. தெனம் பஸ் புட்ச்சி போயி கொயந்தய பாத்துட்டு வருவாரு. உள்ளங்காலு இவரு கட்டவெரலு அளவுதான். அது கொட்டாவி வுட்டுச்சுன்னா டீக்கடையில போயி சொல்லுவாரு. தும்முச்சுன்னா அதயும் சொல்லுவாரு. கேக்குறவன் மூஞ்சிய திருப்பிக்கினாலும் வுட மாட்டாரு.

அந்த சேதிய மொதல்ல சொல்லியிருக்க வேண்டிய ஆளு ஒருத்தன் கீறான். புளியந்தோப்பு உபைதுல்லா. அவன்கிட்ட ஒண்டி சொல்லல. பதினோரு வருசமா பேச்சே இல்ல.

ஞாயித்துக்கெயம மத்தியானம் சோத்த துன்னுட்டு டிவில ஒரு ரெண்டு போலீஸ் படத்த போடுவாரு. மருமவன் விமல் பென் டிரைவுல ஏத்திக் குட்த்தது. வெள்ளக்கார படம், ஆனா அல்லாரும் தமிய்ல பேசுவானுங்க. ஒருத்தன் ரூல்ஸ் போலீஸ், ஒரு மணி அடிச்சா சோத்து டப்பாவ தொறந்துருவான். இன்னொருத்தன் கிறுக்கு போலீஸ், வண்டிய பூட்டவே மாட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே காரு, அதுல ஒரு கதவு தொறக்காது. கிறுக்கன் எறங்கணும்னா ரூல்ஸுக்காரன் மடிமேல ஏறித்தான் எறங்கணும். சுத்தி குண்டு பறக்கும்போது கூட என் பன்ன எவன்டா துன்னதுன்னு ரெண்டும் அட்ச்சிக்கினு கெடக்கும். குண்டு எந்த படத்துலயும் பறக்குது நைனா. அந்த சண்ட வேணுமே. அப்டி சண்ட போட ஒரு ஆளு கெடச்சவன் ஒண்டியா கெடக்க மாட்டான்.

அந்த படத்த பக்தவச்சலமும் உபைதுல்லாவும் சினிமா கொட்டாயில பதினாலு வாட்டி பாத்தாங்க. இவரு ரூல்ஸ், அவன் கிறுக்கன். வேலைக்கு போற வயில வசனத்த மாத்தி மாத்தி சொல்லிக்கினே போவாங்க. இப்பவும் பக்தவச்சலம் தன் வசனத்த சொல்லிட்டு, அவன் வசனத்துக்கு எடம் வுட்டு கம்முனு குந்தியிருப்பாரு. ஒரு சீன் வந்தா மட்டும் எய்ந்து தண்ணி குடிக்க போயிருவாரு. பெரிய அதிகாரி மேசய தட்டி "எவன்டா சுவத்த இட்ச்சது"ன்னு கேப்பாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "நான்தான் சார்"னு முன்னால வருவானுங்க. கொட்டாயில அந்த எடத்துல இவங்க ரெண்டு பேரும் சேந்து கத்துவாங்க, பின்னால குந்துனவன் திட்டுவான்.

ஹார்பர்ல இவரு மூட்ட தூக்குற வின்ச் ஓட்டுவாரு, அவன் கை காட்டுவான். வின்ச்சுக்காரனுக்கு கப்பல் வவுறு தெரியாது. உள்ள யாரு நிக்கிறான், யாரு குனியுறான் ஒண்ணும் தெரியாது. மேல நிக்கிற தோஸ்து கையத்தான் பாக்கணும். கட்டவெரல தூக்குனா தூக்கு, முஷ்டி புட்ச்சா நில்லு, உள்ளங்கைய விரிச்சி கீய காட்டுனா எறக்கு. பெஞ்சாதி மூஞ்சிய விட பாய் கையத்தான் நா ஜாஸ்தி பாத்தேன்னு இவரே சொல்லுவாரு. இருவது வருசம் பாத்ததுல கை அசையறதுக்கு முன்னாலயே இன்னா சொல்லப் போவுதுன்னு தெரிஞ்சிபோச்சு.

அதுதான் பேஜாரா முடிஞ்சுது. ஒரு நாளு முஷ்டி புட்ச்சிகினு நின்னான் உபைதுல்லா. இதோ விரிக்கப் போறான்னு இவரு எறக்கிட்டாரு. கீய ஒருத்தன் குனிஞ்சிகினு இருந்தான். மூட்ட அவன் தோளு மேல எறங்கி எலும்பு முறிஞ்சிபோச்சு. விசாரணையில, யாரு தப்புன்னு கேட்டாங்க. மவ அப்ப பன்னண்டாவது, இவரு வேல போனா அவ படிப்பும் போயிரும். பக்தவச்சலம் தலய குனிஞ்சிகினு, கை விரிஞ்சுது, நா எறக்கினேன்னு சொல்லிட்டாரு. உபைதுல்லா இவர ஒரு வாட்டி பாத்தான். மறுநாளு அவன் ஹார்பர் பாஸ வாங்கி வெச்சிக்கினானுங்க, வேல போச்சு.

முப்பதாம் நாளு தொட்டில் போடறாங்க, நீதான்பா கொயந்தய தொட்டில்ல வைக்கணும்னு மோகனப்ரியா சொன்னா. இவரு டீக்கடையில போயி மொதல்ல அதத்தான் சொன்னாரு. அப்பால கைய பாத்துக்கினாரு. அன்னிக்கி மூட்டய எறக்குன கை.

மறுநாளு காலைல புளியந்தோப்புக்கு போனாரு. உபைதுல்லா இப்ப ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுல வண்டி அனுப்பிகினு கீறான். தாடி முச்சூடும் வெள்ள. அதே கை. முஷ்டி புட்ச்சா ஆட்டோ நிக்குது, விரிச்சா போவுது. இவரு எதிர் பக்கத்துல ரொம்ப நேரம் அதயே பாத்துகினு நின்னாரு.

அப்பால கிட்ட போனாரு.

"பாய், நான்தான்."

"கண்ணு தெரியுது எனக்கு."

"அது இல்ல. அன்னிக்கி நான்தான். உன் கை விரியல."

உபைதுல்லா ஒரு ஆட்டோவ அனுப்பிட்டுத்தான் திரும்பினான். "என் கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா மாமு? நீ சொல்லுவன்னு அந்த ரூம்புல நின்னேன். அப்பால வூட்ல பதினோரு வருசம் நின்னேன்."

பக்தவச்சலம் பேத்தி படத்த போன்ல எட்த்து நீட்டினாரு. உபைதுல்லா கண்ணாடிய தொடச்சி போட்டுக்கினு பாத்தான். மூக்கு உன்து இல்ல, கொயந்த தப்பிச்சுதுன்னு சொன்னான். கெங்கம்மா சாவுக்கு வராதது தப்புதான்னும் சொன்னான். தொட்டில்ல கொயந்தய நான்தான் வைக்கணுமாம், வர்றியான்னு இவரு கேட்டாரு.

"மனசு இன்னும் வரல. வந்தா வருவேன். கொயந்தய எறக்கசொல்லோ என் கைய தேடாத. நீ பாத்து எறக்கு."

முப்பதாம் நாளு வூடு நெறய சனம். பொடவையில தொட்டில் கட்டி, பூ சுத்தி வெச்சிருந்தாங்க. மோகனப்ரியா கொயந்தய இவரு கையில குட்த்தா. பயக்கத்துல எதிர பாத்தாரு. அங்க போனத் தூக்கி புட்ச்சிகினு சொந்தக்காரங்கதான் நின்னாங்க. வாசல பாத்தாரு. செருப்புங்க ஒண்டிதான் கெடந்துச்சு.

கொயந்த நெஞ்சு மேல முஷ்டி புட்ச்சிகினு இருந்துச்சு.

பக்தவச்சலம் நின்னாரு. இன்னா மாமா தூங்கிட்டீங்களா, வைங்கன்னு விமல் கிண்டல் பண்ணான். பொம்பளைங்க சிரிச்சாங்க. நேரம் போவுதுன்னு சம்மந்தியம்மா சொன்னாங்க. இவரு அசையல. கொயந்த கையவே பாத்துகினு நின்னாரு.

கொஞ்ச நேரம் கயிச்சி ஒவ்வொரு வெரலா விரிஞ்சுது.

அப்பதான் எறக்கினாரு.