சூரன் பக்கத்துச் சவர்க்காரம்

எங்கள் வீட்டில் பொருட்களின் பின்புறத்தை வாசிப்பது என் வேலை. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து, தயிரோ பிஸ்கட்டோ பாணோ எதை எடுத்தாலும் கடையில் வைத்தே அப்பா அதை என்னிடம் நீட்டுவார். மூன்று மொழிகளில் அச்சிட்டிருக்கும் பட்டியலில் ஜெலற்றின் இருக்கிறதா, பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று தேடி நான் தீர்ப்புச் சொல்வேன். பின்னாளில் இலக்கிய வகுப்பில் ஒரு சொல்லையும் விடாமல் வாசிக்க வேண்டும் என்று பேராசிரியை சொன்னபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட நான் அப்பாவுக்குச் சவரச் சவர்க்காரம் வாங்கியபோது மட்டும் பின்புறத்தைப் பார்க்கவில்லை. சவர்க்காரத்தை யாரும் தின்பதில்லை.

அப்பா மருத்துவமனையில் சத்திரசிகிச்சைப் பகுதியைத் துப்புரவு செய்பவர். முகக்கவசம் தாடிமேல் படியாது என்பதால் தினமும் சவரம் செய்தாக வேண்டும். டப்பா நுரை அவருடைய கழுத்தைப் புண்ணாக்கியிருந்தது. அவர் பிறந்தநாளை ஒட்டி, பேர்ன் பழைய நகரத்தில் ஒரு சிறு கடைக்குப் போனேன். வட்டக் கட்டிச் சவர்க்காரங்கள் மரக் கிண்ணங்களில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் முகர்ந்து, சந்தன வாசனையுள்ளதை எடுத்தேன். பிரஷ் விலங்கின் மயிரா என்று மிகுந்த கவனத்துடன் விசாரித்தேன். செயற்கை நார் என்றார் கடைக்காரர். பெருமையோடு வெளியே வந்தேன்.

அப்பா ஒரு வாரத்தில் நுரையின் அடியாராகிவிட்டார். எங்கள் ஓஸ்டர்முண்டிகன் பகுதித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். முதலில் நுரை எழவில்லை. பிரஷ்ஷைச் சுடுநீரில் ஊறவிட்டு, உதறி, கட்டியின் மேல் நிதானமாகச் சுழற்றி, சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து, தோசைமாப் பதத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று பாதி முகம் நுரையோடு சமையலறைக்கு வந்து அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு அதே கட்டியில் ஐந்து வாங்கி, தன்னோடு கோயிலில் சூரனின் உருவத்தைத் தூக்கும் ஐவருக்கும் கொடுத்தார்.

அந்த ஆறு பேரும் மருத்துவமனை ஊழியர்கள். எங்கள் கோயிலில் கந்தசஷ்டி ஆறு நாளும் முருகனைத் தூக்குபவர்கள் முகத்தில் கத்தி படக்கூடாது. மருத்துவமனைக்காரர்களால் அது முடியாது. ஆகவே அவர்களுக்கு எப்போதும் சூரன்தான். அப்பா எட்டு வருடம் பின்தண்டு பிடித்தவர். இந்த வருடம்தான் சூரனுக்குத் தலை மாற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்திருந்தது: யானைமுகம், சிங்கமுகம், சூரன், மாமரம், சேவல், கடைசியில் மயில். வரவேற்பறையில் தூசி உறிஞ்சியின் குழாயில் தலையணையைக் கட்டி அவர் ஒத்திகை பார்ப்பார். மயில் வரும்போது மட்டும் தலையணை மெதுவாக நிமிரும்.

வீட்டில் மூவரும் பிடித்த விரதத்தின் ஐந்தாம் நாள் அப்பா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உந்த அஞ்சு பேருக்கும் நுரை வருதில்லையாம். எப்பிடிப் பாவிக்கிறது எண்டு தமிழில வடிவா எழுதித் தாவன்."

எழுதினேன். நீரின் சூடு, சுழற்றும் திசை, மயிர் வளரும் போக்கில் முதல் வழிப்பு என்று ஐந்து பத்தி வந்தது. ஒரு குறிப்பு முழுமையாக இருக்க வேண்டுமென்றால் சேர்பொருட்களும் இருக்க வேண்டுமே என்று, எடுத்து வைத்திருந்த சவர்க்கார உறையைத் திருப்பினேன். முதலாவதாக இருந்தது மாட்டுக் கொழுப்பு.

சொல்லாமல் விடலாம். அடுத்த நாள் சூரன்போர். அது முடிந்ததும் கட்டியை மாற்றிவிடலாம். அரை மணி நேரம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இருபது வருடமாக அவர் என் தீர்ப்பை நம்பித் தயிர் சாப்பிட்டவர்.

சொன்னேன். அப்பா தன் கன்னத்தைத் தொட்டார், பிறகு கையைப் பார்த்தார்.

"அஞ்சு நாளும் முகத்தில மாட்டைப் பூசிக்கொண்டே என்ர சாமியறைக்குள்ள வந்து நிண்டனீங்கள்?" என்றார் அம்மா.

"வாய்க்குள்ள போகேல்லைத்தானே?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே பாடிப்பாடி வழிக்கிறனீங்கள்."

அப்பா கதிரையில் உட்கார்ந்தார். "கோயில்ல சொன்னா, தலையை என்னட்டையிருந்து வாங்கிப்போடுவினம்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு தானே கைபேசியை எடுத்துக் கோயில் ஐயருக்கு அடித்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார்.

ஐயர் முழுவதையும் கேட்டார். "எத்தினை பேர்?"

"என்னோட ஆறு பேர், ஐயா."

"எல்லாரும் சூரன் பக்கமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் பயப்பிடுறியள்? சூரன் என்ன மச்சம் மாமிசம் சாப்பிடாமலோ இருந்தவன்?"

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய நேர்மை அவரை அங்கே நிற்க விடவில்லை. "ஐயா, மயிலாகினாப் பிறகு? அது முருகன்ர வாகனமெல்லோ?"

"சேவலும் அப்பிடித்தான்," என்றார் ஐயர். "மாமரம் வரைக்கும் நீங்கள் பாருங்கோ. அதுக்கங்கால சேவலையும் மயிலையும் விரதம் பிடிக்கிற, சேவ் எடுக்காத ஆள் ஒண்டு பிடிக்கட்டும். வீட்டில ஆர் இருக்கினம்?"

"எனக்கு முழங்கால்," என்றார் அம்மா உடனே.

அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். ஐயரும் பார்த்தது போலத்தான் இருந்தது.

அடுத்த நாள் கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில் தூறல். ஒரு பக்கம் முருகனைத் தாங்கிய ஆறு நாள் தாடிகள். எதிரே சூரனின் கீழே ஆறு பளபளக்கும் முகங்கள். கூட்டம் என்றாலே ஒளிந்துகொள்ளத் தூண் தேடுகிற நான், அந்தப் பளபளப்புக்கு நடுவே சேலையில் நின்றேன். யானைமுகம் போயிற்று, சிங்கமுகம் போயிற்று. மாமரத்தை அப்பா இறக்கி, சேவலை என்னிடம் தந்தார். பிறகு மயில். அதை அவர் கைகள் உடனே விடவில்லை.

"கழுத்தை நிமித்திப் பிடி. காட்டினனான்தானே."

"தலையணையிலதானே அப்பா காட்டினீங்கள்."

"என்ன அண்ணை, மகளோ பிடிக்கிறா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

பின்தண்டிலிருந்து ஒருவர் திருப்பிக் கத்தினார், தவில் சட்டென்று நின்ற அந்தக் கணத்தில்: "அவ சேவ் எடுக்கிறேல்லை, அண்ணை!"

அதற்குப் பிறகு எனக்கு வெட்கப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. மயிலின் கழுத்தை மெதுவாக நிமிர்த்தினேன், தலையணை நிமிர்ந்த அதே வேகத்தில். திரும்பிப் பார்த்தேன். அப்பா தரிப்பிடத்தின் மஞ்சள் கோட்டுக்கு அப்பால், தூறலில், வெறுங்கைகளை உயர்த்தி, இல்லாத ஒரு மயிலை என்னோடு சேர்ந்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.