கணக்கு வாத்தியாரின் கூலிங் கிளாஸ்

நான் ஏழாவது படித்தபோது காஞ்சிபுரத்தையே மெட்ராஸ் ஐ பிடித்து ஆட்டியது. எங்கள் பள்ளியில் ஒரு விதி போட்டார்கள்: கண் சிவந்திருந்தால் வாசலிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அட்டெண்டன்ஸ் குறையாது. அதற்கப்புறம் கண்ணைத் தேய்த்துக்கொள்ளாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. எனக்கு அந்த வேலையே வைக்காமல் நிஜமாகவே வந்துவிட்டது. தறியில் உட்கார்ந்திருந்த அப்பா என் கண்ணைப் பார்த்துவிட்டு, “அசல் அரக்கு கலரும்மா, லீவு நிச்சயம்” என்றார்.

வாசலில் கண் பார்த்தவர் எங்கள் கணக்கு வாத்தியார். மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். அதனால் கன்னங்கரேலென்று ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நின்றார். அதன் வழியாகப் பார்த்தால் எந்தக் கண் சிவப்பாகத் தெரியும்?

“ஒண்ணும் இல்லம்மா, கிளாசுக்குப் போ.”

“சார், கண்ணாடிய கழட்டிட்டுப் பாருங்க சார்.”

“கழட்டினா எனக்கு ஒட்டிக்கும்மா. நல்லாத்தான் இருக்குது, போ.”

உள்ளே போனேன். கண்ணில் இருந்த எரிச்சலைவிட மனசில் அதிகம். ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே பாடம் கேட்டது. ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் பிரேயரில் வாத்தியார் வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் அரக்கு. முன்வரிசையில் நின்ற என்னால் வாயை அடக்க முடியவில்லை.

“வீட்டுக்குப் போங்க சார், அட்டெண்டன்ஸ் குறையாது.”

அவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்குது.”