பீப்பா வாசித்த லான்

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் சல்வத்தோரே நின்றிருந்தான். எங்கள் இசைக்குழுவில் பெரிய பாஸ் வயலின் வாசிப்பவன்; கோயில் பக்கம் தலை வைத்தும் படுக்காதவன். "லான் போய்விட்டார்" என்று இத்தாலிய மொழியில் சொன்னான். என் மனைவி ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. "ஆஸ்பத்திரியில இருந்து வீட்டை விட்டிட்டினமோ? மத்தியானம் மீன்குழம்பு கொண்டு போறன்" என்றாள். சல்வத்தோரேக்குத் தமிழ் தெரியாது. அவள் சிரிப்பைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு மெல்லச் சிலுவை அடையாளம் போட்டான்.

பலேர்மோவின் கால்சாப் பகுதியில் லான் வாசித்துக் கேட்டவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து வாசித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

அவரை முதலில் பார்த்தது எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில். பல நாட்டவரும் கூடிய விழா அது. ஷாங்காயில் மரபிசை படித்து, ஒரு குழுவோடு ஐரோப்பா வந்து, பலேர்மோவிலேயே தங்கிவிட்ட சீனப் பெண். அப்போது மொண்டெல்லோ கடற்கரை உணவகங்களில் மேசைகளுக்கு நடுவே வாசித்துக்கொண்டிருந்தார். வாத்தியத்தின் பெயர் பீப்பா என்று அறிவித்ததும் எங்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "பீப்பா எண்டால் எண்ணெய் வாற சாமான் எல்லோ? இது பப்பாளியைப் பாதியாப் பிளந்த மாதிரிக் கிடக்கு" என்றாள் ஜெசிந்தா. பிறகு லான் காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியனில் விளக்கினேன். அவர் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். அன்றிலிருந்து எந்தத் தமிழரைக் கண்டாலும், "நான் லான். பீப்பா. எண்ணெய் இல்லை" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

அன்றே என் மிருதங்கத்தைத் தொட்டுப் பார்த்து, "இது பேசுமா?" என்று கேட்டார். ஒரு சொற்கட்டை வாயால் சொல்லி வாசித்துக் காட்டினேன். அவர் வலது கை விரல்களில் நாடாவால் ஒட்டியிருந்த செயற்கை நகங்கள் நரம்புகளில் விசிறிபோல் விரிந்தன. சொற்கட்டு அப்படியே திரும்பி வந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்த சல்வத்தோரே வேலையை நிறுத்திவிட்டான். எங்கள் ஜாஸ் குழு பிறந்தது அப்படித்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. நகரத்து இசையமைப்பாளர் ஒருவர் அவருக்கென்று ஒரு புதுமையான ஆக்கம் எழுதினார். கூரையில்லாத பழைய தேவாலயத்தில் அரங்கேற்றம். நரம்பை நரம்போடு பின்ன வேண்டும், பலகையைத் தட்ட வேண்டும், நடுவே வெறுமனே மூச்சு விட வேண்டும். முன்வரிசையில் இருந்த இத்தாலியச் சீமாட்டி ஒருவர், "இது சீன இசையே இல்லை!" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். லான் கடைசி வரை வாசித்தார். வெளியே வந்ததும் நான் கொதித்தேன். அவருக்குக் கோபமே இல்லை. "அவர் ஒரு சீனாவைப் பார்க்க வந்தார், பாவம். இன்று என்னிடம் அது இருக்கவில்லை" என்றார்.

எது உங்களுடைய இசை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "காலையில் கஞ்சி, மதியம் பாஸ்தா, இரவில் ஜெசிந்தாவின் மீன்குழம்பு. வயிறு ஒன்றுதானே?"

ஆனால் ஒருவரிடம் மட்டும் அந்தப் பதில் எடுபடவில்லை. லானின் தந்தை. அவரும் பீப்பா கலைஞர், மரபு வழுவாதவர். மகள் ஜாஸ் வாசிக்கும் ஒலிநாடா எப்படியோ அவர் கைக்குப் போய்விட்டது. அதன்பின் மகளோடு பேச மறுத்துவிட்டார். தொலைபேசியில் எப்போதும் தாய்தான். "அப்பா தூங்குகிறார்" என்பார். ஒருநாள் லான் பீப்பாவையும் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குப் போனார். ரிசீவரை அப்பாவின் படுக்கையருகில் வைக்கும்படி தாயிடம் சொன்னார். இந்த முனையை நான் நரம்புகளுக்கு அருகில் பிடித்துக்கொண்டேன். சல்வத்தோரேயோடு அவர் உருவாக்கிய மெட்டு அது. தொலைபேசிக் கூண்டின் கதவு திறந்தே இருந்தது. வரிசையில் நின்ற மொரீசியஸ் தமிழ்ப் பெண் ஒருவர், "உஷ்" என்று மற்றவர்களை அடக்கினார்.

முடிந்ததும் மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஓர் ஆண்குரல் சுருக்கமாக ஏதோ சொன்னது. லான் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்லுறார்?" பதற்றத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அவருக்குப் புரிந்தது. "மூன்றாவது நரம்பின் சுருதி இறங்கியிருக்கிறதாம். ஏற்றிவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொல்கிறார்."

மறுபடியும் வாசித்தார். அதன்பிறகு அந்த வீட்டில் அழைப்பை எடுப்பவர் தந்தைதான்.

நோய் வந்தபோது விரல்கள்தாம் முதலில் சோர்ந்தன. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "அருளப்பு, நீங்களும் சல்வத்தோரேயும் வாசிப்பதை நிறுத்தக் கூடாது" என்றார். நான் பேச்சை மாற்றினேன். அவர் விடவில்லை. "ஓம் சொல்லுங்கள்" என்று எங்கள் ஊர்ச் சொல்லிலேயே சம்மதம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியில் தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று இருக்கிறது. அது பொய்யும் அல்ல. ஆனால் மேடையில் லான், "அருளப்பு, மன்னார், மிருதங்கம்" என்று ஒவ்வொரு எழுத்தாகப் பழகி அறிவிப்பார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அறிமுகம்தான். இந்த நகரத்தில் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தால், "லானோடு வாசிக்கிறேன்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அடக்கத்துக்கு வந்திருந்த ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் அதையே கேட்டார். லானின் பெயரைச் சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"வாசிக்கிறேன்" என்றேன்.