பதினைந்து சட்டைகளும் ஒரு கடிதமும்

மகனுடைய ரக்பி கிளப்பின் மனேஜரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஆனாலும் ஆறு வருஷம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். எனக்குப் பேச்சு வராது. தமிழிலேயே வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆங்கிலத்தில் எங்கே வரும்? கடைக்குப் போனால் சாமானைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். யாராவது வீட்டு மணியை அடித்தால் குசினிக்குள் அடுப்போரமாக நின்று, அவர்கள் போகும்வரை மூச்சுவிடாமல் இருப்பேன். ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்றே தெரியாமல் இருந்திருக்கும்.

மகன் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரக்பி லீக் விளையாடத் தொடங்கிவிட்டான். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் விளையாடுகிற ரக்பி அது. இங்கிலாந்தின் வடக்கே அதற்காக உயிரை விடுவார்களாம். லண்டனில் அப்போது அதற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கிளப்புகள்தான். சம்பளம் கிடையாது. கிழமை நாட்களில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சேறு. என் மகன் ஓரத்தில் ஓடுகிறவன். ஆள் மெலிவு, ஆனால் ஓடினால் ஒருவராலும் பிடிக்க ஏலாது என்று சொல்வார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை. அத்தனை வெள்ளைக்காரர் நடுவே போய் நிற்க எனக்கு வெட்கம்.

அவனுடைய அப்பா விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் வேலை. அவருக்கு இந்த விளையாட்டென்றாலே ஆகாது.

"வெள்ளைக்காரன்ர சேத்துக்குள்ள உருளுறதுக்கே உன்னைக் கப்பலேத்திக் கொண்டு வந்தனான்?" என்பார்.

"பிளேனிலதானே வந்தனாங்கள் அப்பா."

"வாயைப் பார் உவன்ர."

சட்டை கழுவும் வேலை எனக்கு எப்படி வந்தது என்றால், முதலில் அது முறை வைத்துத்தான் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் பதின்மூன்று பேரின் சட்டைகளும் மேலதிகமாக வைத்திருக்கும் இரண்டு பேரின் சட்டைகளும் ஒரு பெரிய பைக்குள் போகும். ஒவ்வொரு கிழமையும் ஒரு வீடு. எங்கள் முறை வந்தபோது நான் அவற்றைக் குளிக்கிற தொட்டிக்குள் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் மிதித்துக் கழுவினேன். மூன்று தண்ணீர் கோப்பி நிறத்தில் போனபிறகுதான் மெஷினுக்குள் போட்டேன். கிழிந்த கழுத்துப்பட்டியையும் தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மனேஜர் வாசலில் வந்து நின்று, இந்தச் சட்டைகள் வாங்கிய நாளில்கூட இப்படி இருந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த பையையும் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வேறு எந்த வீட்டுக்கும் முறை போகவில்லை. முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் அந்த நீலப் பட்டைச் சட்டைகள் என் வீட்டு ஹீட்டர்களில் காய்ந்தன. சட்டையைப் பார்த்தே அன்றைய ஆட்டம் எனக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் விழுந்தான், எங்கே பிடித்து இழுத்தார்கள், எவனுக்கு மூக்கு உடைந்தது, எல்லாம் துணியில் இருக்கும்.

ஒரு முறை அவனுடைய இரண்டாம் நம்பர் சட்டையில் நெஞ்சு முழுக்க இரத்தம். தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நோர்பரிப் பக்கத்துக் கிளப்போடு ஆடிய நாள். உதட்டில் மூன்று தையல். அவர்கள் என் பிள்ளையைப் பார்த்துக் கத்திய சொல்லை அவனுடைய கூட்டாளி ஒருவன் சொன்னான். நான் அதை எழுதமாட்டேன். இரண்டு கிளப்பும் கீரியும் பாம்பும் போல என்று அன்றுதான் அறிந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் வடக்கே இருந்து ஒரு ஆள் லண்டனுக்கு வேலைக்கு வந்தான். வடக்கத்தி ஆள் என்றதும் மனேஜர் அவனைத் தலையில் தூக்கி வைத்தார். இரண்டாம் நம்பர் சட்டை அவனுக்குப் போனது. என் மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியில் குந்தியிருந்தான். டிசம்பர் நத்தார் கழிந்து ஒருநாள் வேலையால் வந்தவன் குசினிக் கதவில் சாய்ந்து நின்றான்.

"அம்மா, என்னை இரவலாக் குடுத்திட்டாங்கள்."

"என்ன?"

"சீசன் முடியுமட்டும். அவங்களுக்கு ஓரத்தில ஓட ஆளில்லையாம்."

"ஆருக்கு?"

சொன்னான். அதே நோர்பரிக் கிளப். எனக்குக் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது.

மேசையில் இருந்த தகப்பன் பேப்பரை இறக்கினார். "கோடாலியே நீ, இரவல் குடுக்கிறதுக்கு? மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எங்கயும் விளையாடேலாது அப்பா. இஞ்ச குந்தியிருக்கிறதிலும் பார்க்க அங்க ஓடலாம்."

போனான். முதல் மூன்று கிழமை அங்கே ஒருவரும் அவனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லையாம். உடுப்பு மாற்றுகிற அறையில் அவன் நுழைந்தால் கதை நின்றுவிடுமாம். பிறகு மழையில் ஒரு ஆட்டம், இரண்டு முறை எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டான். அதிலிருந்து அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். இந்தப் பக்கமோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொடுத்தவர்களே தாங்கள்தான், ஆனாலும் போனது அவன் குற்றமாம். மகனிடம் நான் பொரித்து அனுப்பும் பற்றிஸை ஆறு வருஷம் சாப்பிட்ட கப்டனின் மனைவி, ஹை ஸ்ட்ரீட்டில் என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனாள்.

பை மட்டும் வழமைபோல வந்தது. மகனை இரவல் கொடுத்துவிட்டு, அழுக்கை எனக்குத் தந்தார்கள். நானும் கழுவினேன். அந்த இரண்டாம் நம்பர் சட்டையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன்.

சித்திரை மாதம் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம் வந்தது. இரண்டு பக்கமும் வென்று வென்று வந்து, கடைசியில் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. ஆறு வருஷத்தில் என் மகன் ஒரு இறுதி ஆட்டத்தைக் கண்டதில்லை. இப்போது வந்தது, ஆடமுடியாது.

"இரவலாக் குடுத்த ஆள் குடுத்தவைக்கு எதிரா ஆடேலாது அம்மா. அவை விட்டுக்குடுத்துக் கடிதம் எழுதினாத்தான் ஏலும்."

"கேட்டனியே?"

"கேட்டன். மனேஜர் சிரிக்கிறான். உன்னைக் குடுத்தது எங்களை வெல்லுறதுக்கில்லை எண்டான்."

தட்டில் போட்ட சோற்றை அவன் அப்படியே வைத்துவிட்டு எழும்பினான். அவனுக்கு இருபத்தாறு வயது. ஓரத்தில் ஓடுகிற கால் இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதினைந்து சட்டைகளும் அந்தக் கிழமை என் வீட்டில்தான் இருந்தன. கிளப்பிடம் வேறு சட்டைகள் கிடையாது. வெள்ளிக்கிழமை அவற்றை மடித்துப் பைக்குள் அடுக்கினேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சாமி அறைக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை முந்தானையில் முடிந்தேன். அப்படிச் செய்யவேண்டும் என்று நினைத்துச் செய்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலை மனேஜர் வந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான். தகப்பன் ஷிப்ட் முடிந்து வந்து மேலே நித்திரை. இந்த முறை நான் குசினிக்குள் ஒளியவில்லை. கதவைத் திறந்தேன்.

பை எங்கே என்றார்.

"நோ லெட்டர், நோ ஷர்ட்," என்றேன்.

இரவு முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மகனின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அப்போது விளங்கியது. முதலில் சிரித்தார். பிறகு குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, அது கிளப்பின் சொத்து, அதை வைத்திருப்பது களவு, போலீஸைக் கூப்பிடவேண்டி வரும் என்றார். நான் வாசலை விட்டு விலகவில்லை.

"சிக்ஸ் இயர்ஸ் வாஷ்," என்றேன்.

நீங்கள் விரும்பித்தானே செய்தீர்கள், ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லவில்லையே என்றார். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. இருந்திருந்தால் அவர் அன்று நிறையக் கேட்டிருப்பார்.

அவர் குரலை உயர்த்தினார். மேலே கட்டில் கிறீச்சிட்டது. தகப்பன் சாரத்தைக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் போய்ப் படுங்கோ."

"இந்த மனிசன் ஏன் கத்துறான்?"

மனேஜருக்கு உயிர் வந்தது. உங்கள் மனைவி சட்டைகளைத் தரமாட்டேன் என்கிறார், நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள் என்று ஆம்பிளைக்கு ஆம்பிளை கேட்பதுபோலக் கேட்டார். தகப்பன் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இவர் விளையாட்டை வெறுக்கிறவர், பையைக் கொடு என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தேன்.

"நீர் மாட்டன் எண்டு சொன்னீரோ?"

"ஓம்."

"இவருக்கு முன்னால?"

"ஓம்."

அவர் படியிலேயே குந்திவிட்டார். பிறகு மனேஜரிடம் ஆங்கிலத்தில், கலியாணம் கட்டி முப்பது வருஷம், இவள் எனக்கே ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை, உனக்குச் சொல்லியிருக்கிறாள் என்றால் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

மனேஜர் வெளியே போய்க் காருக்குள் இருந்தார். திரும்பி வந்தார். திரும்பவும் போனார். தெருவில் இரண்டு வீட்டுத் திரைகள் அசைந்தன. கடைசியில் உள்ளே வந்து, கீழ்ப்படியில் இருந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். பேனை தாளைக் குத்திக் கிழித்தது. கடிதத்தை நான்தான் முதலில் வாங்கினேன். மகனின் பெயரின் எழுத்துகள் எனக்குத் தெரியும். விளையாடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் தெரியும், பாட்டுப் போடுகிற டேப் ரெக்கோடர் பொத்தானில் அதுதான் இருக்கும். இரண்டும் இருந்தன. தகப்பன் முழுவதையும் வாசித்து, சரி என்றார். நான் மேலே போய்ப் பையை எடுத்து வந்தேன். மனேஜர் வாசலிலேயே பையைத் திறந்து, ஒவ்வொரு சட்டையாக எடுத்து எண்ணிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எண்ணியதில்லை.

போகும்போது சொன்னார், பையன் இதற்கு வருத்தப்படுவான் என்று.

மத்தியானம் வந்த மகன் மேசையில் கடிதத்தைக் கண்டான்.

"இது எப்பிடி வந்தது?"

சொன்னேன். அவன் முகம் கறுத்தது.

"அம்மா! என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீங்கள்? அம்மாவை விட்டுக் கேட்டவன் எண்டு நாளைக்கு முழு கிரவுண்டும் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கென்ன, நீங்கள் வீட்டுக்குள்ள இருப்பீங்கள். அங்க நிக்கிறது நான்."

"நானும் வாறன்," என்றேன். அவன் என்னை நம்பாமல் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சேலைக்கு மேலே கோட்டுப் போட்டு, காலுறைக்கு மேலே செருப்பையும் மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். பழைய கிளப்பின் ஆட்கள் ஒரு பக்கம், அந்தக் கிளப்பின் ஆட்கள் மற்றப் பக்கம். நான் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் தனியே. அவன் ஐந்தாம் நம்பர் போட்டு வந்தான். ஐந்தாம் நம்பருக்கு நேர் எதிரே நிற்பது மற்றப் பக்கத்து இரண்டாம் நம்பர், அந்த வடக்கத்தி ஆள்.

பந்து முதன்முதல் அவன் கைக்கு வந்ததும் கூட்டம் தொடங்கியது.

"மம்மி! மம்மி! என் சட்டை எங்கே மம்மி!"

பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். கப்டனின் மனைவி வாயில் இரண்டு கையையும் வைத்துக் கத்தினாள். ஆறு வருஷம் அவனோடு ஒரே காரில் போன பெடியன்கள் மூன்று பேர் அவன் மேலே விழுந்து, எழும்பும்போது ஒருவன் அவன் தலையைச் சேற்றுக்குள் அழுத்திவிட்டு எழும்பினான். நடுவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சேற்றைத்தான் நான் இத்தனை காலம் காலால் மிதித்துக் கழுவியிருக்கிறேன். எனக்கு அந்த மைதானத்தில் நின்ற ஒவ்வொருவர் மேலும் எரிச்சல் வந்தது, இந்த விளையாட்டுக்குப் போன என் பிள்ளை மேலும் வந்தது.

அவன் எழும்பினான். ஒவ்வொரு முறையும் எழும்பினான். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வடக்கத்தி ஆள் பந்தோடு எனக்கு நேரே ஓடி வந்தான். கோட்டைத் தாண்டினால் அவர்களுக்குக் கிண்ணம். என் மகன் குறுக்கே வந்து அவன் காலைக் கட்டிப் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டு, கோட்டுக்கு வெளியே, என் செருப்புக்கு முன்னால் வந்து விழுந்தார்கள். மகன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகன் ஆடிய கிளப் வென்றது. அவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு பஸ்ஸில் ஏறிப் பாடிக்கொண்டு போய்விட்டார்கள். சீசன் முடிந்தது, இரவலும் முடிந்தது. பழைய கிளப்பில் ஒருவரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை.

திரும்பும்போது தகப்பனின் காரை மகன்தான் ஓட்டினான்.

"இனி அவங்கள் என்னை எடுக்கமாட்டாங்கள்," என்றான்.

"எடுக்காட்டி விடட்டும்."

"ஆர் அம்மா உங்களைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"அந்தக் கடிதம் வராட்டி நான் இண்டைக்கு வீட்டில இருந்திருப்பன். ஆனா செப்டெம்பரில எனக்கு ஒரு கிளப் இருந்திருக்கும்."

"ஆடினியோ இல்லையோ?"

சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "ஆடினன்," என்றான். கோபத்தோடுதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்காக நிற்காமல் முன்னே போய்விட்டான். செப்டெம்பர் வந்தது. இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை, அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மத்தியானம் வரை அறைக்குள் படுத்துக் கிடந்தான். நான் தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு வருவேன். தட்டமாட்டேன்.