வாய் திறக்காத டப்பா

கம்பெனியில் அவளை எல்லாரும் டப்பாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செயற்கைக்கோள் செய்கிற இடத்தில் இப்படியும் ஒரு பட்டப்பெயரா என்றால், அவள் செய்தது அப்படிப்பட்ட பொருள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

"செயற்கைக்கோள்னா பஸ் கணக்கா இருக்கும்னு நினைச்சேன். இது மிட்டாய் டப்பா மாதிரில்ல இருக்கு?" என்று நாத்தனார் ஒருமுறை போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பஸ் சைஸ்லயும் இருக்கு அண்ணி. அது டன் கணக்குல. அதுக்குக் கீழ ஃப்ரிட்ஜ் சைஸ், நூறு கிலோ, இருநூறு கிலோ. அப்புறம் சூட்கேஸ் சைஸ். கடைசியில இது. பெருசு ஒண்ணு செய்யற காசுல இதுல நூறு செய்யலாம்."

"மலிவுன்னு சொல்லு."

மலிவுதான். பெரிய செயற்கைக்கோளுக்காகக் கிளம்புகிற ராக்கெட்டில், மிச்சமிருக்கும் இடத்தில் இந்த டப்பாக்கள் தொற்றிக்கொண்டு போகும். எடைக்குத் தகுந்த வாடகை. உள்ளே பாதிச் சாமான் செல்போனில் இருப்பதைப் போன்றதுதான். செய்யவும் ஏற்றவும் சேர்த்து ஒரு நல்ல வீட்டின் விலை வரும். அந்த விலையை ஒரு மீனவர் சங்கம் கொடுத்திருந்தது. செல்போன் எட்டாத ஆழ்கடலில் படகு சிக்கிக்கொண்டால், படகிலுள்ள சின்னக் கருவி கூப்பிடும். மேலே போகிற டப்பா அதைக் கேட்டுக் கரைக்குச் சொல்லும்.

டப்பாவுக்கு ஆன்டெனா, அளவெடுக்கும் டேப் போல ஒரு எஃகுப் பட்டை. அதைச் சுருட்டி நைலான் நூலால் கட்டியிருப்பார்கள். மேலே போனதும் ஒரு கம்பி சூடாகி நூலை அறுக்க வேண்டும்; அப்போதுதான் பட்டை விரிந்து டப்பா பேசும். கடுங்குளிரில் அது அறுக்கிறதா என்று பார்க்கிற சோதனை பாக்கியிருந்தபோதுதான் ராக்கெட்காரர்கள் தேதியை முன்னே இழுத்தார்கள்.

"இன்னும் ரெண்டு வாரம் வேணும் சார்," என்றாள்.

"இந்த சீட்டை விட்டா அடுத்த வருஷம்தான். சாதா அறையில அறுந்துச்சில்ல? மேலயும் அறுந்துடும். மூடுங்க," என்றார் முதலாளி.

அவளே மூடினாள்.

ராக்கெட் அழகாகப் போயிற்று. டப்பாவும் தன் பாதையில் போய்ச் சேர்ந்தது. முதல் சுற்றில் தலைக்கு மேலே வந்தபோது மொட்டைமாடி ஆன்டெனா அதைத் துரத்தித் துரத்தித் திரும்பியது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். அடுத்த சுற்றிலும் அதே. ஒரு வாரம் ஆகியும் அது வாயைத் திறக்கவில்லை.

ஆனால் செய்தித்தாளில் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். 'வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நிலைநிறுத்தப்பட்டதுதான். பக்கத்தில் அவளும் நின்றாள், பல் தெரிய.

வீட்டில் கணவன் அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டான். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியும் விட்டான். அவள் உண்மையைச் சொன்னதும் ஆணியில் படம் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"ஆபீஸ்ல தெரியும்."

"அப்ப விடு. நம்ம வாயால எதுக்கு?"

முதலாளி திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் சங்கத் தலைவர் வந்தார். படகோட்டிப் படகோட்டிக் காய்ப்பேறிய கை. முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தவர் அவளைக் கண்டதும் மலர்ந்தார்.

"சோதனை ஓட்டமாம், கொஞ்ச நாள் ஆகும்னு சார் சொன்னாரும்மா. பசங்க கேக்கல. கருவி கையில வந்ததுமே தூரமா போக ஆரம்பிச்சிட்டானுங்க. இப்ப பயமில்லையே!"

"அண்ணே, போகச் சொல்லாதீங்க. அது பேசல. மேல போனதிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. இனிமேயும் பேசாது."

அவர் முகம் சுருங்கியது. "பேப்பர்ல வந்துச்சேம்மா. நீயும் நின்னியே."

"நின்னேன்."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி படியிறங்கினார். அவர் குரல் கீழ்த்தளம் வரை கேட்டது: "எல்லாரையும் திரும்பச் சொல்லு... வயர்லெஸ்ல படகுக்குப் படகு சொல்லிவிடச் சொல்லு... எல்லாரையும்!"

எல்லாப் படகும் திரும்பின. அவளை அன்று மாலைக்குள்ளேயே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சங்கம் வழக்குப் போட யோசித்தது. ஆனால் ஒப்பந்தத்தில் மேலே ஏற்றித் தருவதாகத்தான் இருந்தது. பேசவைப்பதாக எங்கும் இல்லை. மறுமாதம், செய்தித்தாளைப் பார்த்த ஒரு பெரிய நிறுவனம் அதே முதலாளிக்குப் பன்னிரண்டு டப்பாக்களுக்கு ஆர்டர் கொடுத்தது.

இப்போது அவள் மின்தராசு பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிறு மதியம் நாத்தனார் வந்திருந்தாள். சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தவளுக்குக் கூடத்தில் கணவன் சொல்வது கேட்டது.

"அவளேதான் விட்டுட்டா அக்கா. வீட்டையும் பாக்கணுமில்ல, முடியலன்னு சொன்னா."

"அதானே! அவ்ளோ பெரிய வேலை," என்றாள் நாத்தனார்.

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள்.